குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃபில் வேகம் சீராக இருந்தும் இலக்கு அட்டையில் குண்டுகள் சிதறுவது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் .308 அளவுத் தோட்டா சுடும் ரைஃபிளுக்குச் சொந்தமாகத் தோட்டா நிரப்பும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. 100 மீட்டர் அட்டையில் வேக வித்தியாசத்தைத் தேடாதீர்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அங்கே குண்டு 2 மில்லிமீட்டர் அளவுதான் ஏறி இறங்கும். அதுவே 300 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்கு மேல் போகும். 600 மீட்டரில் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே கிட்டத்தில் சிதறினால் குண்டின் வகை, அதை உறைக்குள் அமர்த்தும் ஆழம், தொலைநோக்கியின் திருகுகள், சுடுபவரின் தோள் இவற்றைப் பாருங்கள்.

மூன்று குண்டு சுட்டு முடிவெடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். மூன்று ஓட்டைகள் தற்செயலாகவும் ஒட்டி விழும். ஒரே நிரப்பலில், அதாவது அதே குண்டும் அதே மருந்தளவும் வைத்து, பத்து குண்டாவது சுட்டு, வேகத்தின் திட்ட விலக்கத்தையும் (வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) அட்டையையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் வெயில். பல வெடிமருந்துகள் சூட்டில் அழுத்தத்தைக் கூட்டும். குளிர்காலத்தில் சரியாக இருந்த நிரப்பல் அங்கே கோடையான ஜனவரி வெக்கையில் ஆபத்தாகலாம். மருந்துத் தயாரிப்பாளரின் அட்டவணையில் தொடக்க அளவிலிருந்தே ஏறுங்கள், உச்ச அளவைத் தாண்டவே வேண்டாம். எதிர்பார்த்ததைவிட வேகம் அதிகமாக வந்தால், அழுத்தமும் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்துங்கள்.