திண்ணையில் வைத்த போன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தேன். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எடுத்திருந்தேன். பொறியியல் கட்-ஆஃப் 168 வருகிறது.

அப்பா தவில் வாசிப்பவர், பெரியப்பா நாதஸ்வரம். பத்தாவது படிக்கும்போதிலிருந்து இவர்கள் வாசிப்பதை போனில் பதிவுசெய்துவருகிறேன். இணைப்பில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. முதலாவதில் தவில் விழுந்ததும் நாதஸ்வரம் அமுங்கிப்போகிறது, தவில் நின்றபிறகு மெல்ல மேலே வருகிறது. ஏன் என்று தெரியவில்லை. தம்பி அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டிக்கொடுத்தான், அப்போதும் சரியாகவில்லை. இரண்டாவது போன மாதம் எடுத்தது.

எனக்கு ஒலிப்பதிவாளர் ஆக வேண்டும். மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்கிறார். அப்பா, "மேளம் எங்களோட போகட்டும், நீ மாசச் சம்பளத்துக்குப் படி" என்கிறார். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஓராண்டு சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமா இருக்கிறது, கட்டணம் லட்சக்கணக்கில். நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடு என்று அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ரெக்கார்டிங் தியேட்டரில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். இந்தத் துறைக்கு டிகிரி தேவையா? நேராக டிப்ளமாவில் சேர்ந்துவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் பதிவுகளைத்தான் கேட்டேன். கடிதத்தை அப்புறம்தான் முழுதாகப் படித்தேன்.

முதல் பதிவில் நடப்பது உங்கள் தவறில்லை. போனுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. பெரிய சத்தம் வந்தால் அதுவாகவே எல்லாவற்றையும் தணித்துவிடும், சத்தம் அடங்கியதும் மெல்ல உயர்த்தும். பேச்சைப் பதிவுசெய்ய அது வசதி. தவிலுக்கு முன்னால் அது திணறிவிடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் பெரியப்பாவின் நாதஸ்வரத்தையும் சேர்த்து அமுக்கிவிட்டு, பிறகு மூச்சு வாங்குவதுபோலத் தூக்குகிறது. பதிவாகும் ஒலியின் அளவைக் கையால் நிறுத்திவைக்க விடும் செயலிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டு, தவில் உச்சத்தில் இருக்கும்போதும் மேலே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும்படி அளவை வையுங்கள்.

முட்டை அட்டை விஷயத்தைத் தம்பியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அது மெல்லிய அட்டை. கீச்சென்ற ஓசையைச் சிறிது கலைக்குமே தவிர தவிலின் கனத்தை அதால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் இரண்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துக் கேட்டுப்பாருங்கள்.

இரண்டாவது பதிவை மூன்று முறை கேட்டேன். போனைத் திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டீர்கள், இல்லையா? வாசலில் சைக்கிள் மணி கேட்கிறது, ஒரு காகம் கேட்கிறது. முற்றத்தில் வாசிப்பவர்களுக்கும் போனுக்கும் நடுவே பதினைந்தடியாவது இருக்கும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழுவதும் இடப்பக்கமான தொப்பியில் கழி விழுவதும் தனித்தனியாகக் கேட்கின்றன. நாதஸ்வரம் எங்கும் அமுங்கவில்லை.

காரணம் எளிய கணக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். முதல் பதிவில் போன் தவிலுக்கு இரண்டடியிலும் நாதஸ்வரத்துக்கு ஆறடியிலும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மடங்கு வித்தியாசமே தவிலுக்கு ஒன்பது டெசிபலுக்கு மேல் கூட்டிக்கொடுத்துவிடும். பதினைந்தடிக்குப் போனதும் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் ஆகிவிடுகிறது. யாரும் சொல்லித்தராமல் உங்கள் காது கேட்டபடி போனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். நீங்கள் இந்த வேலைக்கு உரியவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இனி எழுதுவதை அந்த நம்பிக்கையோடு படியுங்கள்.

டிகிரி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை. நான் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன்.

திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டு ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் சேர்ந்தேன். அது 1991. பக்திப் பாடல் கேசட்டுகளும் கிராமியப் பாட்டும் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்த காலம். படிப்பை விட்டதற்காக ஒரு நாள்கூட வருந்தவில்லை, பத்து வருஷம் வரைக்கும். சிடி வந்தது, எம்பி3 வந்தது, கேசட் வாங்க ஆளில்லை. 2001இல் தியேட்டரை மூடிவிட்டார்கள். கையில் தொழில் இருந்தது, காகிதம் இல்லை. பட்டம் கேட்ட எந்த இடத்துக்கும் விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கும்போது எனக்கு 34 வயது. அந்த நடுவாண்டுகளில் என் மனைவி பட்ட கஷ்டத்தை இங்கே எழுத மனம் வரவில்லை.

உங்கள் அப்பாவின் பேச்சு எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மேளம் கிடையாது. 2020இல் கல்யாணக் கச்சேரியும் நின்றது, கோயில் திருவிழாவும் நின்றது. அந்த மாதங்களை வீட்டுக்குள் உட்கார்ந்து எண்ணியவர் தன் பெண்ணுக்கு மாசச் சம்பளம் கேட்பதில் என்ன தவறு? அவரை இசைக்கு எதிரியாக்கிவிடாதீர்கள்.

நகையை அடகு வைக்க வேண்டாம். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதுபோன்ற குறுகிய படிப்புகளில் நல்லவையும் உண்டு. ஆனால் அவற்றில் நாம் காசு கொடுத்து வாங்குவது அறையும் கருவியும் அங்கே உட்காரக் கிடைக்கும் மணிநேரமும்தான். ஒரு மாணவருக்கு ஒலியைக் கலக்கும் கன்சோல் முன்னால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும், ஆள் வந்து வாசிப்பதைப் பதிவுசெய்ய விடுவார்களா, இல்லை ஏற்கெனவே பதிவான துண்டுகளை வைத்து மிக்ஸிங் மட்டும்தானா என்று கேட்டுப்பாருங்கள். பதில் தெளிவாக வந்தால்கூட, பதினேழு வயதில் கடன் வாங்கிக்கொண்டு போகவேண்டிய இடம் அதுவல்ல.

தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, அதில் ஒலிப்பதிவும் ஒரு பிரிவு. அரசுக் கட்டணம், இடங்கள் குறைவு. விண்ணப்பியுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்: அங்கே கற்றுத்தருவது முதன்மையாகச் சினிமாவின் ஒலி. வசனம், படப்பிடிப்பிடத்து ஒலி, டப்பிங், காலடிச் சத்தம், கடைசி மிக்ஸிங். அருமையான கலை அது. ஆனால் உங்கள் கடிதத்தில் சினிமா என்ற சொல்லே வரவில்லை. தவிலும் நாதஸ்வரமும்தான் வருகின்றன.

புனேயில் உள்ள மத்திய அரசின் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியான எஃப்.டி.ஐ.ஐ.யில் ஒலிப்பதிவு மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்கு ஏதாவதொரு பட்டம் வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். கொல்கத்தாவின் சத்யஜித் ரே திரைப்பட நிறுவனத்திலும் பட்டம் முடித்தவர்களுக்கு இந்தப் படிப்பு உண்டு. ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டி கேரளத்துக் காயங்குளத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுத்தான் புனேவுக்குப் போனார். 2009இல் ஆஸ்கர் மேடையில் நின்றவர் அவர். இந்த வாசல்கள் திறக்கவும் முதலில் ஒரு பட்டம் வேண்டும். விண்ணப்பிக்கும் ஆண்டில் விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன பட்டம்?

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர் நீங்கள். பொறியியலில் உங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் வீட்டில் இதை யாரும் சொன்னதாகக் கடிதத்தில் தெரியவில்லை. தஞ்சாவூர் அரசுப் பொறியியல் கல்லூரி செங்கிப்பட்டியில் இருக்கிறது. அங்கே ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் பற்றிய பாடங்கள் அந்தப் பிரிவில் நிறைய வரும். ஓர் அலையை வினாடிக்கு 48,000 துண்டுகளாக வெட்டி எடுத்து எப்படித் திரும்ப அலையாக்குகிறார்கள் என்பதைக் கணக்காகப் படிப்பீர்கள். நான் பத்து வருஷம் கைப்பழக்கத்தில் மட்டுமே செய்த வேலை அது. படித்துவிட்டுச் செய்திருந்தால் பாதித் தவறுகள் குறைந்திருக்கும். அப்பா கேட்கும் மாசச் சம்பளத்துக்கும் ஈ.சி.ஈ.யில் வழி உண்டு.

அது அமையாவிட்டால் கும்பகோணத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். தூரத்தில் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

நான் இப்படி ஊரைச் சுற்றியே யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் நல்ல மைக் இருக்கிறது, அறை இருக்கிறது. ஆனால் ஒரு மாணவருக்காக ஒரு தவில் வித்துவானும் ஒரு நாதஸ்வர வித்துவானும் வாராவாரம் உட்கார்ந்து வாசிப்பார்களா? உங்கள் முற்றத்தில் வாசிக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய பயிற்சிக்கூடம் அந்த முற்றம்தான். பட்டம் படிக்கும் மூன்று நான்கு ஆண்டுகளும் அதைவிட்டு ரொம்ப தூரம் போகாமல் இருக்கப் பாருங்கள். விடுதியில் தங்க நேர்ந்தால் சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மூன்று வருஷத்தில் 36,000. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போக மிஞ்சுவதை ஒதுக்கி வையுங்கள். முதலில் காதை மூடும் நல்ல ஹெட்போன். அடுத்து, மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்ப, இரண்டு மைக் செருகும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ். அப்புறம் ஒரு மைக், பிறகு இன்னொன்று. மென்பொருளுக்குக் காசு தேவையில்லை, ஆடாசிட்டி இலவசம். தவிலுக்குப் பக்கத்தில் வெறும் காதோடு மணிக்கணக்கில் உட்காராதீர்கள். போன கேள்வித்திறன் திரும்பி வராது.

மைக் வைக்கும் இடத்தைத் தேட எனக்குச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். எங்கள் தியேட்டரின் தலைமை ரெக்கார்டிஸ்ட், எல்லோருக்கும் அண்ணன். ஒருமுறை நாதஸ்வரக் கேசட் ஒன்று. சின்ன அறை, ஓசை சுவரில் மோதி மோதிக் கூர்மையாகக் குத்தியது. மைக்கை, நாதஸ்வரத்தின் விரிந்த அடிவாயான அணசுக்கு நேராக வைத்திருந்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வித்துவானைப் பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். ராத்திரி ஒரு மணி, மழை அப்போதுதான் விட்டிருந்தது. "வாசிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு அவரைச் சுற்றி நடந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், ஓரடி பின்னால் வந்தார். ஓரிடத்தில் அப்படியே நின்று, "இங்க வை" என்று வலது காதைத் தொட்டுக் காட்டினார். அணசிலிருந்து நாலடி தள்ளி, வித்துவானின் தலையைவிடச் சற்று உயரத்தில், துளைகள் உள்ள குழலான உலவின் நடுப்பகுதியைப் பார்த்தபடி. நாதஸ்வரத்தின் ஓசை அணசில் மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலும் வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தை அவர் காது கண்டுபிடித்திருந்தது. ஒரு காதை அடைத்துக்கொண்டால் நாம் கேட்பது ஏறக்குறைய ஒரு மைக் கேட்பதுபோல ஆகிவிடும். இன்றைக்கே செய்துபார்க்கலாம், காசில்லை.

ஒரு நோட்டும் போட்டுவிடுங்கள். தேதி, இடம், ராகம், சுருதி எத்தனை கட்டை, மைக் எத்தனை அடியில், மழையா வெயிலா. கோப்பு வேவ் வடிவில், 24 பிட்டில் இருக்கட்டும். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். வாரம் ஒன்று என்றால்கூட மூன்று வருஷத்தில் 150க்கு மேல் சேரும். புனேயோ கொல்கத்தாவோ, நேர்முகத்துக்குப் போகும் நாளில் கேட்டால் எடுத்துவைக்க உங்கள் கையில் அது இருக்கும்.

நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். நானும் நீங்களும் அவரைக் கேட்பது பெயர் தெரியாத யாரோ ஒருவர் மைக்கை வைத்த இடத்திலிருந்துதான். உங்கள் பெரியப்பாவையும் அப்பாவையும் நாளைக்கு யாராவது கேட்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தத் திண்ணைப் பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினீர்களா? கடிதத்தில் இல்லை. வாசிக்கும்போது அவருக்குக் கேட்கும் தவில் வேறு, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கும் தவில் வேறு. கல்யாணவீட்டு வீடியோவில் வரும் இரைச்சலைத் தவிர தன் வாசிப்பை அவர் சரியாகக் கேட்டே இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். யாரிடமாவது நல்ல ஹெட்போன் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்து அவர் வெற்றிலை போடும் நேரமாகப் பார்த்து, கல்லூரிப் பேச்சை எடுக்காமல், பதினோராவது நிமிடத்திலிருந்து போடுங்கள். அங்கேதான் தவிலில் வாசிப்பை முடித்துவைக்கும் அந்தத் தீர்மானம் வருகிறது.

அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.