வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: மகனை ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய், இரண்டாம் வகை. உட்காருவான், நடந்ததில்லை. இந்நோயுள்ள குழந்தைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்து இரண்டு ஆண்டுகள் கவனிக்கும் ஆய்வு ஒன்றில் சேர்க்கும்படி சென்னையில் கேட்கிறார்கள். மருந்து எதுவும் தரமாட்டார்களாம். “பிள்ளைய சோதனை எலியாக்கவா போற?” என்கிறார் மாமியார், நோயே என் வழியில் வந்தது என்றும் சொல்கிறார். நான் பீடி சுற்றுகிறேன், கணவருக்கு அரிசி ஆலையில் வேலை. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முக்கூடல்

பதில்: முதலில், நோய் உங்கள் வழியில் மட்டும் வந்ததல்ல. பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகச் சேர்ந்தால்தான் பெரும்பாலும் இந்நோய் வரும். இதை உங்கள் மாமியாரிடம் கணவரே சொல்வது நல்லது.

நீங்கள் எழுதியிருப்பது புது மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அல்ல. நோய் தன் போக்கில் எப்படி நகர்கிறது என்று அளந்து குறித்துவைக்கும் ஆய்வு. பெரும்பாலும் மகனைப் பாயில் உட்காரவைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கு, ஒருக்களித்து உருளு என்று 33 செயல்களைச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் போடுவார்கள். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வலுவை அளப்பார்கள். கொஞ்சம் ரத்தமும் எடுக்கலாம்.

இந்தக் கணக்கால் என்ன பயன் என்று தோன்றலாம். 16 கோடி ரூபாய் ஊசி என்று செய்திகளில் படித்திருப்பீர்களே, அந்த மரபணு சிகிச்சையை முதலில், இரண்டாம் வகையைவிடக் கடுமையான முதல் வகை நோயுள்ள 15 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, 15 பேரும் நிரந்தரச் செயற்கைச் சுவாசம் தேவைப்படாமல் 20 மாத வயதைக் கடந்திருந்தார்கள். சிகிச்சை பெறாத குழந்தைகளில் அந்த நிலையை எட்டியவர்கள் 8 விழுக்காட்டினரே என்பது, அதற்கு முன்பே யாரோ சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை இதுபோன்ற ஆய்வுக்கு அழைத்துச் சென்றதால்தான் தெரிந்திருந்தது. அப்படி ஒரு பதிவு இருந்ததால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று இன்னொரு கூட்டம் குழந்தைகளைச் சிகிச்சையின்றி விட்டுவைக்க வேண்டிய கொடுமை நேரவில்லை.

ஆனால் இந்த ஆய்வால் உங்கள் மகன் நடந்துவிடுவான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த எதிர்பார்ப்போடு கையெழுத்துப் போடுவதைவிடச் சேராமல் இருப்பதே மேல்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து படியுங்கள். ஆய்வில் சேர்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, எடுக்கும் ரத்தத்தைப் பிற்கால ஆய்வுகளுக்கும் வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். சேர மறுத்தாலும், சேர்ந்தபின் இடையில் விலகினாலும், மகனுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை குறையக்கூடாது. மகனுக்கு ஏழு வயது கடந்துவிட்டதால் அவனுக்குப் புரியும்படி சொல்லி அவனிடமும் வாய்மொழியாகச் சம்மதம் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அவன் வேண்டாம் என்றால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய்வரும் செலவையும், அந்த நாட்களில் விட்டுப்போகும் கூலியையும் ஈடுசெய்வார்களா என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். வழிகாட்டுதல் அதற்கு இடம் தருகிறது. சளி, இருமல் இருக்கும்போது மட்டும் பயணம் வேண்டாம். இந்நோயில் நெஞ்சுச்சளி ஆபத்தானது. தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் தெளிவான பதில் கிடைத்து, மகனும் சம்மதித்தால், சேருங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: அண்ணன் குழந்தைக்கு இதே நோய். எனக்கு அத்தை மகனைப் பேசிவருகிறார்கள். ஆய்வுக்கு நானும் ரத்தம் கொடுத்தால் ஊருக்குள் தெரிந்துவிடுமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணிட்டுத்தான் மாதிரிகளை வைக்க வேண்டும். யார் யார் பார்ப்பார்கள் என்பது படிவத்தில் இருக்கும். விருப்பமில்லையென்றால் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணனிடம் உள்ள அந்த மரபணு உங்களிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. இருந்தாலும் நீங்கள் நோயாளி அல்ல. மாப்பிள்ளை சொந்தத்தில் என்பதால் அவரிடமும் அதே மரபணு இருக்கக்கூடும்; இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. ஆய்வுக்குக் கொடுக்கும் ரத்தத்தின் முடிவு உங்கள் கைக்கு வராமலும் போகலாம் என்பதால், நிச்சயத்துக்கு முன்பே மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்த்து, இருவரும் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.