முறுக்குக் கணக்கு எழுதும் பெண்ணுக்கு மருத்துவப் படிப்பு எதற்கு?

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்த மறுவாரம், கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, மகள், கூடவே அம்மாவின் அண்ணன். முதலில் வாயைத் திறந்தவர் மாமாதான். "ரிசல்ட் நல்லா வந்திருக்கு டீச்சர். தனியார் கல்லூரியில மருத்துவம் கிடைக்குமாம். நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர் வேணாமா?" வீட்டை ரீஃபைனான்ஸ் செய்ய, அதாவது வீட்டின் மேல் புதுக் கடன் வாங்க, பேங்கில் விசாரித்தாகிவிட்டது என்றார் அப்பா. பெண் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

பயப்படாதீர்கள், நல்ல வழி இருக்கிறது என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். ரீஃபைனான்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். தனியார் மருத்துவப் படிப்புக்குப் பெரும்பாலும் 3 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகும். படித்து முடித்தால் நிரந்தர அரசு வேலை என்பதும் பழைய கதை. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள். அதை எதிர்த்து 2021 ஜூலை 26-இல் இளம் டாக்டர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதைப் பார்த்தோம். டாக்டராகியே தீருவேன் என்று நிற்கும் பிள்ளைக்கு இதெல்லாம் தடையில்லை. அந்தப் பிடிவாதம் இங்கே மாமாவிடம்தான் இருந்தது. வீடோ அப்பா பெயரில் இருந்தது.

"உயிரியல் பிடிக்குமாம்மா?" என்று பெண்ணைக் கேட்டேன். "மனப்பாடம் பண்ணிட்டேன் டீச்சர்." வீட்டில் என்ன செய்வாய் என்றேன். அப்பாவின் ஆர்டர் நோட்டு தன்னிடம்தான் இருக்கிறது என்றாள். அப்பா முறுக்கு சுட்டு பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குப் போடுகிறவர். "அக்டோபரில் வியாபாரம் ஐம்பது விழுக்காடு ஏறிச்சுன்னு அப்பா சொல்றாரு. அது ஏறலைன்னு நினைக்கிறேன்" என்றாள். பிறகு நான் அவளோடுதான் பேசினேன்.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன், கணக்கியல் தொழிற்தகுதியான ஏ.சி.சி.ஏ. பற்றி உங்கள் உறவுக்காரர்களே நாள் முழுக்கச் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். நான் சொல்வது ஆறாம் படிவம், எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பள்ளியிலேயே படிக்கும் பல்கலைக்கழக முன்படிப்பு. அரசுப் பள்ளி, ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம், செலவு பெயருக்குத்தான். கட்டாயப் பாடமான பெங்காஜியான் ஆம் என்ற பொதுப் பாடத்தோடு பொருளியல், வணிகவியல், கணிதம் எம். இந்தக் கணிதம் எம்-இல் விலை மாற்றத்தை அளக்கும் குறியீட்டு எண்களும், மாதாமாத எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் காலத்தொடர்களும் வரும். அதற்குப் பிறகு அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளியலோ புள்ளியியலோ படிக்கலாம். இடையில் ஒரு திறமையை வளர்த்துக்கொள்ள வேண்டும்: வணிகப் பகுப்பாய்வு அறிக்கை எழுதுவது. பேங்கில் கடன் கொடுக்கலாமா என்று எழுதும் கிரெடிட் பேப்பர், உள் தணிக்கை அறிக்கை எல்லாம் இந்த இனம்தான். எண்ணைத் தட்டிப்போடும் ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள். அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது, அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தருகிறவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

அவள் நோட்டையே பாருங்கள். 2023 அக்டோபரில் 12,000 வெள்ளி, 2024 அக்டோபரில் 18,000. அப்பா சொன்ன ஐம்பது விழுக்காடு இதுதான். ஆனால் தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. முறுக்கு வாங்குகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்தா வாங்குகிறார்கள், பண்டிகையைப் பார்த்துதானே? நவம்பரில் 9,000-ஆக இருந்தது 2,400-ஆக விழுந்திருக்கிறது. இரண்டு மாதத்தையும் சேர்த்தால் 21,000 எதிர் 20,400. வியாபாரம் ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

இங்கே நிறுத்தினால் அது வெறும் தகவல் அறிக்கை. பகுப்பாய்வு அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. பாக்கெட் விலை 10 வெள்ளியிலிருந்து 12 ஆகியிருந்தது. அப்படியானால் 2,100 பாக்கெட் 1,700 ஆகியிருக்கிறது. விலையேற்றம் 400 பாக்கெட் குறைந்ததை மறைத்துவிட்டது. எந்தக் கடைகள் குறைத்தன என்று அவள் கடைவாரியாகப் பிரித்தபோது, குறைந்ததில் முக்கால்வாசி இரண்டே கடைகளில்தான். ஏன் என்பதை நோட்டு சொல்லாது, நேரில் போய்க் கேட்க வேண்டும். போய்க் கேட்டாள். வேறொருவர் சின்ன பாக்கெட் போடுகிறார், 6 வெள்ளி என்றார்களாம்.

பரிந்துரையும் அப்படியே குறுகலாக இருக்க வேண்டும். "விற்பனையை மேம்படுத்த நடவடிக்கை எடுக்கலாம்" என்று எழுதினால் நான் சிவப்புப் பேனாவை எடுப்பேன். அந்த இரண்டு கடைகளுக்கு மட்டும் சின்ன பாக்கெட், எத்தனை வாரம், பை வாங்க எவ்வளவு செலவு, எந்தத் தேதியில் நிறுத்துவதா தொடர்வதா என்று பார்ப்பது. முன்னால் நிற்கும் சுருக்கத்தைக் கடைசியில்தான் எழுத வேண்டும். படிக்கிறவர் நம்மோடு ஒத்துப்போகிறவர் என்றால் பரிந்துரை முதல் வரியிலேயே வரலாம். முரண்டு பிடிக்கிறவர் என்றால் ஆதாரத்தை முதலில் அடுக்கி, முடிவைக் கடைசியில் சொல்வது நல்லது.

பழக வகுப்புக் கட்டணம் வேண்டாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கை புர்சா மலேசியா தளத்தில் இலவசம். அதில் நிர்வாகத்தின் கலந்துரையாடலும் பகுப்பாய்வும் என்ற பகுதியை மட்டும் மாதம் ஒன்று படித்து, எங்கே காரணம் சொல்கிறார்கள், எங்கே மழுப்புகிறார்கள் என்று கோடு போட்டால் போதும். (மழுப்பும் இடங்களில் வாக்கியம் நீளமாகிவிடும், கவனியுங்கள்.) விலைவாசி எண்கள் வேண்டுமென்றால் புள்ளியியல் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் இருக்கின்றன.

"எல்லாம் சரி டீச்சர், சொந்தக்காரங்ககிட்ட என்ன சொல்றது?" என்றார் அம்மா. பெண்ணையே எழுதச் சொன்னேன்: மருத்துவமா, ஆறாம் படிவமா, இரண்டு பக்கம், வாசகர் மாமா.

மூன்றாம் நாள் கொண்டுவந்தாள். இரண்டு வழியின் செலவும் ஆண்டுவாரியாக ஒரே அட்டவணையில் இருந்தது, முடிவு கடைசியில் இருந்தது. ஒரே ஒரு வரியை அடித்தேன்: "மாமாவுக்கு இன்றைய நிலவரம் தெரியாது." இது கண்டறிந்ததா, கோபமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

மாமா இன்னும் பதில் சொல்லவில்லையாம். ஆறாம் படிவத்தில் சேர வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை என்பதால் அப்பாவும் அதற்காகக் காத்திருக்கவில்லை.