அப்பா எங்கே என்று கேட்கும் தோழிக்கு என்ன பதில்?

கேள்வி: நானும் என் கணவரும் பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்னையை விட்டுத் திருச்சியில் என் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் புதிய பள்ளியில் யாருடனும் ஒட்டுவதில்லை, மதியம் தனியாகவே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று வகுப்பாசிரியை சொல்கிறார். பழைய பள்ளியில் கலகலப்பாக இருந்தவள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் அப்பா திருச்சிக்கு வந்து, முக்கொம்பு, மலைக்கோட்டை என்று அழைத்துச் சென்று மாலையில் கொண்டுவந்து விடுகிறார். அக்கம்பக்கத்தில் அவர் துபாயில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம். வகுப்பிலும் அவள் அப்படியே சொல்லியிருக்கிறாள். அடுத்த ஆண்டு வேறு பள்ளியில் சேர்த்தால் சரியாகிவிடுமா?

பதில்: மகளுக்குத் தோழிகள் அமையாததையும், அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லிவைத்ததையும் நீங்கள் தனித்தனிச் செய்திகளாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பிரச்சினை என்றே நான் நினைக்கிறேன். எட்டு வயதுப் பெண் குழந்தைகளின் நட்பு பெரும்பாலும் வீட்டுக் கதைகளைப் பரிமாறிக்கொள்வதில்தான் வளர்கிறது: நேற்று எங்கே போனாய், யாரோடு போனாய், என்ன வாங்கித் தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் முக்கொம்பில் ஊஞ்சல் ஆடிவிட்டு வந்த உங்கள் மகளால் திங்கட்கிழமை காலையில் அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் துபாயில் இருப்பவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கொம்புக்கு வர மாட்டார் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே யாரும் எதுவும் கேட்காத இடமாகப் பார்த்து அவள் டிபன் பாக்ஸைத் திறக்கிறாள்.

நீங்கள் ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பது எனக்குப் புரிகிறது. விவாகரத்து என்றதும் தெருவில் எழும் கேள்விகளிலிருந்து வயதான பெற்றோரைக் காப்பாற்ற வேண்டியிருந்திருக்கும். ஆனால் பெரியவர்கள் வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வைத்துவிடும் அந்தப் பொய்யை, குழந்தை காலை வேன் ஏறியதிலிருந்து மாலை வீடு திரும்பும் வரை சுமக்கிறது. அப்பாவைப் பற்றிய உண்மை வெளியே சொல்லத் தகாதது, அப்படியானால் நம் வீட்டில் ஏதோ வெட்கப்பட வேண்டியது நடந்திருக்கிறது என்றும் அது தானாகவே முடிவு கட்டிக்கொள்கிறது.

எனவே முதலில் அவளை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள். இரவு தூங்கப் போகும் நேரமோ, நீங்கள் தோசை வார்க்க அவள் அருகில் நிற்கும் நேரமோ போதும். “அப்பா துபாயில் இருப்பதாகச் சொன்னது எங்கள் தவறு. இனி நீ அப்படிச் சொல்ல வேண்டியதில்லை” என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்து, அவள் சொல்லக்கூடிய உண்மையான, சிறிய பதில் ஒன்றை இருவருமாகச் சேர்ந்து அமையுங்கள். “அப்பா சென்னையில் இருக்கிறார், நானும் அம்மாவும் தாத்தா வீட்டில் இருக்கிறோம்” என்பது பெரும்பாலான இடங்களில் போதும். மேலும் துருவினால், “அப்பாவும் அம்மாவும் இப்போது தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள், ஆனால் நான் இரண்டு பேரோடும் இருப்பேன்” என்று சொல்லலாம். அதற்கும் மேலே கேட்டால், “அதைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்கவில்லை, வா விளையாடலாம்” என்று முடித்துவிட அவளுக்கு உரிமை உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் வகுப்புத் தோழியாக நடித்து இரண்டு மூன்று முறை கேள்வி கேட்டால், அவள் சிரித்துக்கொண்டே பழகிவிடுவாள். முன்பு சொன்னதை வகுப்பில் போய்த் திருத்த வேண்டாம். பேச்சு வரும்போது புதிய பதிலைச் சொன்னால் போதும், அந்த வயதுப் பிள்ளைகள் அதை அதிகம் கிளற மாட்டார்கள். வீட்டுப் பெரியவர்களும் அதே பதிலுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் வேன் வரும்வரை வாசலில் நிற்கும் நேரத்திலேயே அவள் மாட்டிக்கொள்வாள்.

இந்த வயதில் பல குழந்தைகள் வாய்விட்டுச் சொல்லாத இரண்டு எண்ணங்கள் உண்டு: தன்னால்தான் பெற்றோர் பிரிந்தார்கள் என்ற பயமும், தான் சமர்த்தாக இருந்தால் சேர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும். புதிய ஊரில் ஒட்டாமல் இருப்பதற்கு, இது தற்காலிகம்தானே, சீக்கிரம் சென்னைக்குத் திரும்பிவிடுவோம் என்ற காத்திருப்பும் காரணமாக இருக்கலாம். “இது உன்னால் நடக்கவில்லை. நாங்கள் இனி ஒரே வீட்டில் வாழப் போவதில்லை. இரண்டு பேரும் உன்னுடைய அப்பா, அம்மாவாகவே இருப்போம்” என்பதை நீங்களும் அவரும் தனித்தனியாக, ஒரே மாதிரி, ஒரு முறைக்கு மேல் சொல்ல வேண்டும்.

தோழிகளைப் பொறுத்தவரை, வகுப்பு முழுவதும் அவளோடு பழக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஒரு தோழி போதும். அவளுக்குப் பக்கத்தில் உட்காருபவளையோ, அதே வேனில் வருபவளையோ ஆசிரியையிடம் விசாரித்து, அந்தக் குழந்தையின் தாயிடம் பேசி, ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். ஒன்றரை மணி நேரம் தாராளம். இன்னும் கொஞ்சம் இருக்கக் கூடாதா என்று இருவரும் கெஞ்சும்போதே அனுப்பிவிடுவது நல்லது. தாயமோ, கேரமோ, வண்ணம் தீட்டுவதோ, கை வேலை இருக்கும் விளையாட்டாக இருந்தால், முகம் பார்த்துப் பேசும் சங்கடம் இல்லாமல் பேச்சு தானாக வரும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்த நேரத்தில் வேண்டாம். பிறர் தொடக் கூடாது என்று அவள் நினைக்கும் பொம்மைகளை முன்கூட்டியே அலமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கள். பாட்டி முறுக்கு கொடுக்கட்டும், ஆனால் வந்த குழந்தையிடம் “உங்க அப்பா என்ன பண்றார்?” என்று தொடங்கிவிடக் கூடாது.

பள்ளியில், நடந்துகொண்டிருக்கும் விளையாட்டில் எப்படிச் சேர்வது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். “என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?” என்று கேட்டால், முடியாது என்ற பதில் எளிதில் வந்துவிடும். கொஞ்ச நேரம் அருகில் நின்று பார்த்து, விளையாட்டு பிடிபட்டபின், ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், “கயிறு நான் சுற்றட்டுமா?” என்று கேட்கும் குழந்தையை யாரும் பெரும்பாலும் தள்ளிவிடுவதில்லை.

பல பெற்றோர் கவனிக்கத் தவறுவது ஞாயிற்றுக்கிழமையை. தெருப் பிள்ளைகள் கூடுவதும், பிறந்தநாள் கொண்டாட்டங்களும் பெரும்பாலும் அன்றுதான். மாதத்தில் இரண்டை அப்பாவுக்குக் கொடுத்த குழந்தை, மெல்ல மெல்ல அழைப்புப் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போகிறது. இதை உங்கள் முன்னாள் கணவரிடம் புகாராகச் சொல்லாமல், மகளின் தேவையாக எடுத்துச் சொல்லுங்கள். தோழியின் பிறந்தநாள் வரும் வாரத்தில் சந்திப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம், அல்லது அவரே அவளை அந்தக் கொண்டாட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம். அப்பா கூட வந்து நிற்பதைத் தோழிகள் பார்த்துவிட்டால் பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும். நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டால் இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஒத்துவராவிட்டால், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்கீழ் விவாகரத்து பெற்றவர்கள், அதன் 26ஆம் பிரிவின்படி, பிள்ளையின் பராமரிப்பு குறித்த உத்தரவை மாற்றக் கோரலாம். பிள்ளையின் விருப்பத்தை இயன்றவரை கருத்தில் கொள்ளவும் அந்தப் பிரிவு சொல்கிறது.

வகுப்பாசிரியையைத் தனியே சந்தித்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். ‘என் குடும்பம்’ என்று படம் வரையச் சொல்லும் நாளிலும், பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவை அழைத்து வரச் சொல்லும் நாளிலும் அவர் பார்த்து நடந்துகொள்ள அது உதவும். உங்கள் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை: “அப்பன் இருந்தும் இல்லாத பிள்ளை” என்று உறவினரிடம் அவள் காதுபடப் பரிதாபப்படுவது அன்பினால்தான் என்றாலும், அவளைக் குன்றச் செய்யும்.

பள்ளியை மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வீடு, ஊர், பள்ளி, அப்பாவின் அருகாமை என அவள் ஒரே ஆண்டில் இழந்தவை ஏராளம்; இப்போது பழகிவரும் முகங்களையும் எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் ஏறத்தாழ 1,400 குடும்பங்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, விவாகரத்தான பெற்றோரின் பிள்ளைகளில் நால்வரில் மூவர் அளவுக்குக் கடுமையான பாதிப்பின்றி வளர்ந்துவிட்டதைக் கண்டார். முதல் ஓரிரு ஆண்டுகள்தான் கடினமானவை, நீங்கள் இப்போது அவற்றின் நடுவில் இருக்கிறீர்கள்.

இரண்டு மூன்று மாதம் இவற்றைச் செய்தும் மாற்றமில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பள்ளி நாட்களின் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, மறுபடி படுக்கையை நனைப்பது, தூக்கமும் சாப்பாடும் குறைவது ஆகியவை தொடர்ந்தாலும் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்பது போல ஏதேனும் சொன்னால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். எந்த நேரமும் தமிழில் பேச, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, உங்களுக்காகவும் நீங்கள் அதில் பேசலாம்.