படம் வராத சொற்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'விடுதலை' பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் கூண்டிலிருந்து பறக்கும் ஒரு பறவைதான் வருகிறது. 'நீதி' என்றால் தராசு. 'சாத்தியம்' என்றால் எதுவுமே வரவில்லை. "மனம் படங்களால்தான் சிந்திக்கிறது. படம் வராவிட்டால் நீ வெறும் சொல்லை உருட்டிக்கொண்டிருக்கிறாய்" என்கிறார் நண்பர். கட்டுரையை நிறுத்திவிட்டேன். இந்தச் சொற்கள் எனக்கு உண்மையில் புரிந்திருக்கின்றனவா? இவை மூளையில் எங்கே இருக்கின்றன? கணினிக்கு இவை புரியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கணினி பற்றிய கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மற்றது அப்படியல்ல. தொல்காப்பியப் பொருளியலில் ஒரு நூற்பாவையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஒப்பு, எழில், நாண், நோய், வேட்கை என்று ஒரு வரிசையைச் சொல்லி, இவையெல்லாம் 'நெஞ்சு கொளின் அல்லது காட்டலாகாப் பொருள' என்கிறது அது. நெஞ்சால் கொள்ளலாம், காட்ட முடியாது. அப்படிப்பட்டதைத்தான் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்கே காட்டப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தப் பறவை உங்களுடையதுகூட அல்ல, ஐயா. வாழ்த்து அட்டைகளில் பறந்து பறந்து களைத்துப்போன பறவை அது. தராசு நீதிமன்றச் சின்னம். தராசை மட்டும் கண்ட ஒருவர் அது நீதியைக் குறிக்கிறதா, எடை போடுவதைக் குறிக்கிறதா என்று எப்படி அறிவார்? நீதி என்றால் என்னவென்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அந்தப் படம் நீதியாகத் தெரியும். பிறகு எதற்கு அந்தப் படத்தை வைத்து உங்களை நீங்களே பரீட்சை செய்துகொள்கிறீர்கள்?

நீதி கிடக்கட்டும், முக்கோணத்துக்கே படம் கிடையாது. பொதுவான முக்கோணம் என்றொரு கருத்து மனத்தில் இருப்பதாக ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் எழுதினார். அது செங்கோணமுடையதும் அல்ல, சமபக்கமுடையதும் அல்ல, எல்லாமும் ஆனது, எதுவும் ஆகாதது. அப்படியொன்றை உங்களால் மனத்தில் வரைய முடிகிறதா என்று 1710இல் இன்னொரு தத்துவவாதியான பெர்க்லி அவரைக் கேலி செய்தார். முடியாதுதான். ஆனாலும் முக்கோணத்தைப் பற்றி நாம் பிழையில்லாமல் சிந்திக்கிறோம். 1880இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பலரிடம், காலையில் நீங்கள் உண்ட மேசையை நினைத்துப் பாருங்கள், என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒன்றுமே தெரியவில்லை என்றவர்களில் அறிவியலாளர்கள் நிறையப் பேர் என்று எழுதினார். மனக்கண்ணே இல்லாத இந்நிலைக்கு 2015இல் நரம்பியலாளர் ஆடம் ஸீமனும் அவருடைய சகாக்களும் அஃபான்டேசியா என்று பெயரிட்டார்கள். மனக்கண் இல்லாதவர்களும் நீதி பற்றி வாதிடுகிறார்கள், விடுதலைக்கு ஏங்குகிறார்கள்.

உங்கள் கேள்வி இத்துடன் முடிந்தது. எனக்கு ஆத்திரம் வருவது 'வெறும் சொல்' என்ற இடத்தில்.

கல்லூரியில் என்னுடன் தங்கியிருந்த நண்பருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மாலை வேளைகளில் நான் நாவல்களை உரக்கப் படிப்பேன், அவர் கேட்பார். ஒரு நாவலில், மகனின் சாவுச் செய்தி கேட்ட தகப்பன் வாசலை 'முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்' என்று வந்தது. "நிறுத்து" என்றார் நண்பர். "இவர் முறைக்க மாட்டார். வெறித்துப் பார்த்திருப்பார். முறைக்க எதிரில் ஓர் ஆள் வேண்டும், கோபமும் வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை." அதை எழுதிய நாவலாசிரியருக்கு இரண்டு கண்களும் நன்றாகத் தெரியும்.

முறைப்பதையோ வெறிப்பதையோ என் நண்பர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த வேறுபாட்டை எங்கிருந்து பெற்றார்? பேச்சிலிருந்து. மனிதர்கள் எந்தச் சொல்லை எப்போது, யாரிடம், எந்த மனநிலையில் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு. உளவியலாளர் மரீனா பெட்னியும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. பார்த்தல், மின்னுதல் சார்ந்த வினைச்சொற்களில் எது எதற்கு நெருக்கம் என்று கேட்டபோது, பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பார்வையுள்ளவர்களும் ஏறத்தாழ ஒரேபோல மதிப்பிட்டார்கள். இதை வெறும் சொல் என்பீர்களா?

எதிர்வாதம் இருக்கிறது. அருவமானவற்றை எல்லாம் நாம் உடலனுபவத்தின் உருவகங்களாகவே புரிந்துகொள்கிறோம் என்று 1980இல் மொழியியலாளர் லேகாஃபும் தத்துவவாதி ஜான்சனும் எழுதினார்கள். காலத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. திரையில் நீளமான கோடு தோன்றினால் அது அதிக நேரம் நின்றதாக மனம் மயங்குகிறது என்று 2008இல் கஸஸான்டோ, போரோடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அருவக் கருத்து என்பது பருப்பொருள் மீது கட்டிய மாடி என்றால், தரைத்தளம் இடிந்த பிறகு மாடி எப்படி நிற்கும்? நின்றிருக்கிறது. 1975இல் நரம்பு உளவியலாளர் எலிசபெத் வாரிங்டன் விவரித்த, மூளை பாதிக்கப்பட்ட நோயாளி ஒருவர் 'மன்றாடுதல்' போன்ற சொல்லுக்குச் சரியாகப் பொருள் சொன்னார். கண்முன் கிடக்கும் சாதாரணப் பொருள்களின் பெயர்களிடம் தடுமாறினார். அரிய நிலைதான். பெரும்பாலான நோயாளிகளிடம் அருவச் சொற்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. இருந்தாலும் அந்த ஒருவருக்குப் பதில் சொல்லாமல் மாடிக் கணக்கை நான் ஏற்க மாட்டேன்.

நூற்பாவின் வரிசையை மறுபடி பாருங்கள். நாண், நோய், வேட்கை: உணர்ச்சிகள். ஒப்பு: இரண்டு பொருள்களுக்கு நடுவே மட்டும் இருப்பது. நீதியும் அப்படித்தான், ஆட்களுக்கு நடுவே இருக்கிறது. விளையாட்டில் தன் முறையைப் பறிகொடுத்த குழந்தை 'இது நியாயமில்லை' என்று அழுகிறது. அதற்கு எந்தத் தராசும் தெரியாது. யார், யாரிடம், எதை, எப்படி எடுத்துக்கொண்டார் என்பது தெரியும். பிறர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதைக் கேட்டிருக்கிறது, வயிறும் எரிகிறது. நீதியை அறிய அதற்கு இவ்வளவு போதுமென்றால், நாற்பது வரி எழுத உங்களுக்குப் போதாதா?

மூளையில் எங்கே என்றால், ஒரே இடத்தில் இல்லை. மொழிக்கான பகுதிகள் இதில் நிறைய உழைக்கின்றன, உணர்ச்சிக்கான பகுதிகளும் சேர்ந்துகொள்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு கட்டுரையில் ஒரு வரியையாவது மாற்றுவீர்களா? மாட்டீர்கள். எழுதி முடித்து அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்.