அமெரிக்க அதிபரா இருந்தப்போ ஆட்களை நாடு கடத்துனதுல ஒபாமா அதிகமா, கிளிண்டன் அதிகமா? கிளிண்டன் 1.2 கோடின்னு ஒரு நம்பர் சொல்றாங்க, ஒபாமாதான் அதிகம், 30 லட்சம்னு இன்னொரு நம்பர் சொல்றாங்க. எந்த நம்பர் சரி?

ரெண்டு நம்பரும் சரிதாங்க, ஆனா எண்ணுறது வேற வேற விஷயத்தை. அமெரிக்க அரசு கணக்குல ரிமூவல், ரிட்டர்ன்னு ரெண்டு இருக்கு. ரிமூவல்னா முறையா ஆர்டர் போட்டு அனுப்புறது, அது ரெக்கார்டுல ஏறிடும், 5 வருஷம் 10 வருஷம்னு திரும்பி வரத் தடை, மீறி வந்து மாட்டினா ஜெயில் வரைக்கும் போகலாம். ரிட்டர்ன்னா ஆர்டர் இல்லாம திருப்பி அனுப்புறது, மெக்சிகோ பார்டர்ல பிடிச்சு உடனே அந்தப் பக்கம் விட்டுடுவாங்க, அதே ஆள் அடுத்த வாரம் மறுபடி மாட்டினா இன்னொரு எண்ணிக்கை.

கிளிண்டன் காலத்து 1.2 கோடில பெரும்பகுதி இந்த ரிட்டர்ன்தான். ஒபாமாவுக்கு மொத்தம் கம்மி, ஆனா ரிமூவல் மட்டும் சுமார் 30 லட்சம், 2012 நிதியாண்டுல மட்டும் 4 லட்சத்துக்கு மேல, ஏன்னா பார்டர்ல பிடிபட்டவங்களுக்கும் ஆர்டர் போட்டே அனுப்புறது அப்போ ரொம்ப அதிகமாச்சு.

அப்புறம் 2020 மார்ச்ல இருந்து 2023 மே வரை கொரோனாவைக் காட்டி டைட்டில் 42ங்கிற பொது சுகாதாரச் சட்டத்துல பார்டர்ல இருந்து அனுப்புனாங்களே, அது இந்த ரெண்டுலயும் சேராத தனிக் கணக்கு.

எனக்கு ரொம்ப வலிக்கிறது என்னன்னா, நேத்து ராத்திரி பார்டர் தாண்டினவரும், 20 வருஷமா அங்கயே வேலை செஞ்சு பிள்ளைங்களைப் படிக்க வெச்சவரும் அந்த டேபிள்ல ஒரே "1"தான்.