இறுதியாண்டு புராஜெக்ட்டில் பழுதுக் கண்காணிப்பைச் சேர்க்கலாமா?

தம்பி, உங்கள் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சுவிட்சையும் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் கருவி) விசாரித்து அதன் நிலையைத் திரையில் காட்டுகிறது. இதை இத்துடன் நிறுத்திவிட்டு, நண்பர்களைப் போல செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். மீதமுள்ள இரண்டு மாதங்களையும் இதற்கே கொடுங்கள். பழுது நிகழ்வுகளைக் கண்காணிக்கும் பகுதியைச் சேர்த்து முடியுங்கள்.

இரண்டு விசாரிப்புகளுக்கு நடுவே மூன்று நிமிடம் அறுந்து, தானே சரியாகிவிட்ட இணைப்பு உங்கள் திரையில் தெரியாமலே போகலாம். அதற்காகத்தான், நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க உதவும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில் 'டிராப்' இருக்கிறது. யாரும் கேட்காமலே கருவி தானாக அனுப்பும் செய்தி அது. விசாரிப்பு கருவியின் 161ஆம் போர்ட்டுக்கு (மென்பொருள் செய்தி வாங்கும் வாசலின் எண்) போகும், டிராப் உங்கள் மென்பொருளின் 162ஆம் போர்ட்டுக்கு வரும். இலவசமாகக் கிடைக்கும் நெட்-எஸ்.என்.எம்.பி. கருவிகளில் டிராப் அனுப்பவும் வாங்கவும் வசதி உண்டு, அங்கிருந்து தொடங்குங்கள். லினக்ஸில் 162ஆம் போர்ட்டைத் திறக்க நிர்வாகி உரிமை வேண்டும். இது தெரியாமல் ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

டிராப் வழக்கமாக, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யூ.டி.பி. முறையில் வருவதால் வழியில் தொலைந்தால் அனுப்பிய கருவிக்கே தெரியாது. அதனால் பழைய விசாரிப்பை நீக்கிவிட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

செய்தியை வாங்குவது ஒரு வார வேலை. உங்களுக்கு வேலை வாங்கித் தரப்போவது அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் நிரல்தான். நாற்பது கருவிகளுக்கு முன்னால் நிற்கும் ஒரு சுவிட்ச் செத்தால் திரையில் நாற்பத்தொரு சிவப்பு விளக்குகள் எரியும். இரவுப் பணியில் இருப்பவர் எதை முதலில் பார்ப்பார்? எந்தக் கருவிக்குப் பின்னால் எது இருக்கிறது என்பதை உங்கள் மென்பொருள் அறிந்திருந்தால், மூலக் காரணமான அந்த ஒன்றை மட்டும் மேலே காட்டி, மற்றவற்றை அதன் அடியில் வைக்கலாம். தளர்ந்த கேபிளால் சுவிட்சின் ஒரு போர்ட் (இங்கே கேபிள் செருகும் இடம்) நிமிடத்துக்கு முப்பது முறை விழுந்து எழுந்தால், முப்பது அலாரம் கூடாது. ஒரே அலாரம், பக்கத்தில் எண்ணிக்கை. 'லிங்க்டவுன்' (இணைப்பு அறுந்தது) டிராப் வந்த அதே போர்ட்டில் 'லிங்க்அப்' (இணைப்பு மீண்டது) வந்தால் அலாரம் தானாக மூட வேண்டும். கருவி, போர்ட், பழுதின் வகை ஆகிய மூன்றையும் சேர்த்து அடையாளமாக வைத்தால் இவை எல்லாம் எளிதாகும். நேர்முகத் தேர்வில் இந்தப் பகுதியைப் பற்றி அரை மணி நேரம் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

ஒரு பழுது எவ்வளவு தீவிரமானது என்று காட்டும் நிலைகளுக்குச் சொந்தப் பெயர் சூட்ட வேண்டாம். எக்ஸ்.733 என்ற சர்வதேசத் தரம் 1992லேயே அவற்றை வகுத்துவிட்டது.

உங்கள் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இத்துறையில் முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க் செயல்பாட்டு மையத்தில்தான் அமையும். அங்கே இரவு ஷிப்ட் உண்டு. நிரல் எழுதத் தெரிந்தவர் அங்கேயே தங்கிவிட வேண்டியதில்லை. சர்வர், கிளவுட் கண்காணிப்புக் குழுக்களிலும் இதே சிந்தனைதான் தேவைப்படுகிறது.

புராஜெக்ட்டைக் காட்டும் நாளில் ஸ்லைடுகளில் நேரம் செலவிடாதீர்கள். தேர்வாளர் கண்முன் முதன்மை சுவிட்சின் கேபிளைப் பிடுங்குங்கள். திரையில் ஒரே ஓர் அலாரம் வரட்டும். மீண்டும் செருகுங்கள், அது மூடுவதை அவரே பார்க்கட்டும்.